கம்ப்யூட்டருக்கும் போகி உண்டா?

ஓசூரில் சனிக்கிழமை சாயங்காலம், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். சிப்காட் பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டி வந்து நிற்கும். கால் வைக்கும் இடத்தில், பழைய துண்டு சுற்றிய சிபியு. கொண்டு வருபவர் பெரும்பாலும் லேத் பட்டறை முதலாளியின் மகனாக இருப்பார். இல்லாவிட்டால் அங்கே கணக்கு எழுதும் பெண்ணாக இருப்பார்.

“அண்ணா, ரொம்ப ஸ்லோவா இருக்கு. ஒரு ஃபார்மேட் போட்டுக் குடுங்க. போன வருஷமும் போட்டோமே?”

“டேட்டா ஏதாச்சும் எடுக்கணுமாம்மா?”

“டெஸ்க்டாப்ல இருக்கறது மட்டும் போதும்ண்ணா.”

பேச்சு அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை சிபியு புதுசு போல ஓடும். மத்தியானம் பட்டறை முதலாளி போன வருடத்து பில் ஒன்றைத் தேடுவார். அப்போதுதான் டேலி கணக்கு டெஸ்க்டாப்பில் இல்லை, சி டிரைவுக்குள் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியவரும்.

வருடத்துக்கு ஒருமுறை விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது நம் ஊரில் கிட்டத்தட்ட ஒரு சடங்கு. போகிக்குப் பழையதைக் கழிப்பது போல. கழிக்க வேண்டியதுதான், ஆனால், பழைய பாயோடு சேர்த்து அதற்கடியில் இருந்த வீட்டுப் பத்திரத்தையும் தீயில் போட்டுவிடக் கூடாது. அப்படியானால் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை ஓ.எஸ். போடுவது சரி?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

ஒரு காலத்தில் இது நியாயமான பழக்கம்தான். விண்டோஸ் 95, 98 காலத்துக் கணினிகளில், ஒரு புரோகிராமை நிறுவினால் அது இன்னொரு புரோகிராம் பயன்படுத்தும் பொதுக் கோப்பின் மேல் தன் கோப்பை எழுதிவிடும். நேற்று வரை ஓடியது இன்று ஓடாது. நீக்கிய புரோகிராம்களின் மிச்சம் மீதியும் உள்ளே தங்கிவிடும். போதாக்குறைக்கு மின்வெட்டு. அன்றைய கோப்பு அமைப்புக்குத் திடீரென்று கரன்ட் போவதைத் தாங்கும் வலு கிடையாது. மறுபடி ஆன் செய்தால், நீலத்திரையில் ஸ்கேன்டிஸ்க் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நிலையில் வருடம் ஒருமுறை துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டவர் புத்திசாலி.

2001-ல் எக்ஸ்பி வந்தபோது அடித்தளமே மாறியது. அலுவலகங்களுக்காக உருவான என்.டி. கட்டமைப்பு வீட்டுக் கணினிக்கும் வந்தது. வட்டில் எழுதும் வேலை பாதியில் நின்றாலும் கோப்பு அமைப்பைச் சரிசெய்துகொள்ள, முன்கூட்டியே குறிப்பு எழுதி வைக்கும் என்.டி.எஃப்.எஸ். முறையும் கூடவே வந்தது. அதன் பிறகு வந்த விண்டோஸ் 7, 10, 11 எல்லாம் இன்னும் உறுதியானவை. நன்றாகப் பராமரித்தால் ஒருமுறை போட்ட ஓ.எஸ். அந்தக் கணினியின் ஆயுள் முழுக்க ஓடும். 98 போய்விட்டது, 98-க்காக வந்த பழக்கம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

மெதுவானால் முதலில் எங்கே பார்ப்பது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் மூன்று எண்கள் முக்கியம்: சிபியு, மெமரி, டிஸ்க். எந்தப் பெரிய வேலையும் செய்யாதபோதும் டிஸ்க் 100 சதவிகிதத்திலேயே நிற்கிறதா? உள்ளே இருப்பது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், குற்றவாளி அநேகமாக அதுதான். நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் அந்தத் தட்டால், விநாடிக்கு ஏறக்குறைய நூறு இடங்களுக்குத்தான் தாவிப் படிக்க முடியும். எஸ்.எஸ்.டி. பல்லாயிரம் இடங்களைப் படித்துவிடும். இன்றைய விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. பழைய வட்டில் அதை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும், இரண்டே மாதத்தில் பழைய கதைதான்.

மெமரி எப்போதும் 90 சதவிகிதத்தைத் தொட்டால் ராம் போதவில்லை. 4 ஜிபி-யில் டேலியையும் பத்து பிரவுசர் டேப்களையும் ஒன்றாக ஓட்ட முடியாது. இந்த இரண்டு நோய்க்கும் மருந்து சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஓசூரில் ஸ்டாக் இல்லாவிட்டால், அத்திப்பள்ளியைத் தாண்டி பஸ் ஏறினால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எல்லாம் கிடைக்கும்.

மூன்றாவது, தூசி. பட்டறை அலுவலகம் என்றால் கிரைண்டிங் தூளும் கூலன்ட் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து, சிபியுவின் விசிறியில் கம்பளி போல அப்பியிருக்கும். சூடேறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்குத் தேவை கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு ஒரு பிரஷ்ஷும் கொஞ்சம் பொறுமையும்தான்.

கடைசியாக, கணினி ஆன் ஆகும்போதே தானாக எழுந்து உட்காரும் புரோகிராம்கள். டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் என்ற பகுதி இருக்கிறது. அதில் தேவையில்லாதவற்றை நிறுத்திவிட்டு, சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக வைத்தாலே, ‘ஃபார்மேட் போடணும்’ என்று கொண்டு வரும் பல கணினிகள் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்தாலோ, கோப்புகள் திடீரெனத் திறக்க மறுத்தாலோ அது சாகும் நிலையில் இருக்கலாம். அந்த வட்டில் புதிதாக ஓ.எஸ். போடுவது, படுத்த படுக்கையாக இருப்பவரை எழுப்பி மூட்டை தூக்கச் சொல்வது போல. முதலில் டேட்டாவை வேறு வட்டுக்கு மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

உண்மையிலேயே எப்போது போட வேண்டும்?

ஐந்து சந்தர்ப்பங்கள் உண்டு. வைரஸ் அல்லது ரான்சம்வேர் புகுந்து, முழுவதும் போய்விட்டதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாதபோது. விண்டோஸின் சொந்தக் கோப்புகள் பழுதாகி, அதிலேயே உள்ள பழுதுபார்க்கும் வசதிகளை ஓட்டியும் சரியாகாதபோது. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போது. கணினியை விற்கும்போது அல்லது இன்னொருவருக்குக் கொடுக்கும்போது. அந்த ஓ.எஸ்.ஸுக்கு நிறுவனம் தரும் பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுபோகும்போது.

ஐந்தாவது இப்போது பல வீடுகளின் வாசலில் நிற்கிறது. 2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்கள் மட்டும் கிடைக்கும். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன பிராசஸரும் வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை.

தமிழ்நாடு இதற்கு முன்பும் இப்படி ஒரு திருப்பத்தைப் பார்த்திருக்கிறது. 2014 ஏப்ரல் 8-ம் தேதி எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது, அதையொட்டி மாநில அரசு தன் துறைகளை, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. அரசின் இலவச மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அந்த மடிக்கணினியில் முதன்முதலாகக் கீபோர்டைத் தொட்டவர்கள் இன்று ஆலைகளில் சூப்பர்வைசராக இருக்கக்கூடும். பிரவுசரும் வீடியோவும் மட்டும் போதும் என்ற வீட்டுக் கணினிக்கு லினக்ஸ் இன்றும் நல்ல வழி. டேலி ஓட வேண்டிய கணினி என்றால் விண்டோஸ்தான்.

பட்டறைக்குள் நேர் எதிரான பழக்கம்

அலுவலக அறையில் வருடாவருடம் ஃபார்மேட் போடும் அதே பட்டறையில், இரண்டு அடி தள்ளி ஷாப் ஃப்ளோருக்குள் நுழைந்தால் பழக்கம் தலைகீழாக மாறிவிடும். அங்கே மெஷினோடு வந்த கணினியை யாரும் தொடவே மாட்டார்கள். ‘ஓடுற வரைக்கும் ஓடட்டும்’ என்பதுதான் சட்டம்.

அதில் அர்த்தம் இருக்கிறது. உதாரணமாக, சீமென்ஸ் 840டி வகை கன்ட்ரோல்கள் பலவற்றில் பிசியு 50 என்ற கணினி இருக்கும். அதில் ஓடுவது என்.டி. அல்லது எக்ஸ்பி. மெஷின் தயாரித்தவர் எழுதிய திரைகளும் அமைப்புகளும் அதற்குள்தான். கடையில் கிடைக்கும் விண்டோஸைப் போட்டால் அது மெஷினை ஓட்டாது. ஃபேனக் கன்ட்ரோல்களில் இன்னொரு சங்கதி: மெஷினின் பாராமீட்டர்களைக் காப்பது ஒரு சிறிய பேட்டரி. அது தீர்ந்த நேரத்தில் மெஷினுக்கு மின்சாரமும் இல்லாவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். அதனால்தான் பேட்டரியை, மெஷின் ஆனில் இருக்கும்போதே மாற்றச் சொல்கிறார்கள்.

ஆனால், ‘தொடாதே’ என்பது பாதிச் சட்டம்தான். மீதிப் பாதி, ‘நகல் எடுத்து வை’ என்பது. மெஷின் நன்றாக ஓடும் நாளிலேயே அதன் வட்டு முழுவதையும் அப்படியே ஒரு இமேஜாக எடுத்து வைத்தவர், வட்டு போன அன்று புது வட்டில் அதை இறக்கி மாலையே மெஷினை ஓட்டிவிடலாம். எடுத்து வைக்காதவர் மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டும். பெரிய ஆலைக்கு உதிரிபாகம் கொடுக்கும் சிறு பட்டறைக்கு, மெஷின் நின்றால் அடுத்த ஆர்டரும் ஆட்டம் காணும்.

அப்டேட் இல்லாத பழைய கணினிகள் எவ்வளவு பெரிய கதவைத் திறந்துவிடும் என்பதை 2017 மே 12-ம் தேதி உலகம் பார்த்தது. அன்று பரவிய ‘வான்னாக்ரை’ ரான்சம்வேர் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. சென்னையை அடுத்த ரெனோ-நிசான் ஆலையிலும் பாதிப்பு தெரிந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. அதைப் போடாத கணினிகள்தான் மாட்டிக்கொண்டன.

அடுத்த வருடம் தைவானில் நடந்தது இன்னும் பெரிய பாடம். 2018 ஆகஸ்ட் 3-ம் தேதி, உலகின் மிகப் பெரிய சிப் ஒப்பந்த உற்பத்தியாளரான டி.எஸ்.எம்.சி. ஆலைகளில், அதே வான்னாக்ரையின் ஒரு வகை புகுந்து மெஷின்களை நிறுத்தியது. அது வந்த வழி என்ன? புதிய மெஷின் ஒன்றுக்கு மென்பொருள் நிறுவியபோது, வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்துவிட்டார்கள். ஆலை மீண்டு வர ஆகஸ்ட் 6 வரை ஆனது. புதிதாகப் போடுவது எல்லாம் சுத்தமானது என்று நினைப்பதும் தவறு என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

நம் ஊரில் அதன் சின்ன உருவம், லைசென்ஸ் இல்லாத விண்டோஸ். அதை ஆக்டிவேட் செய்யப் போடும் ‘கிராக்’, பெரும்பாலும் முதல் வேலையாகப் பாதுகாப்பு மென்பொருளை நிறுத்தச் சொல்லும். வீட்டுக்குப் பூட்டு போட வந்தவர், ‘நான் போகும் வரை கதவைத் திறந்தே வைங்க’ என்று சொன்னால் எப்படியோ அப்படி. விண்டோஸ் 10, 11 லைசென்ஸோடு வந்த கணினி என்றால் இதற்குத் தேவையே இல்லை. லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு பதிவாகியிருக்கும். அதே பதிப்பை மறுபடி போட்டு இன்டர்நெட்டில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகும்.

டெஸ்க்டாப்பில் இல்லாதவை

‘டெஸ்க்டாப்ல இருக்கறது மட்டும் போதும்’ என்ற அந்த ஒரு வாக்கியத்தில் விட்டுப்போவது என்னென்ன?

முதலில் டேலி. வேறு இடம் சொல்லாவிட்டால் அதன் டேட்டா ஃபோல்டர் சி டிரைவில்தான் இருக்கும். டேலியைத் திறந்து, கம்பெனி டேட்டா எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். டேலிக்குள்ளேயே பேக்கப் எடுப்பதோடு, அந்த ஃபோல்டரையும் அப்படியே நகலெடுப்பது நல்லது. லைசென்ஸை முறைப்படி சரண்டர் செய்துவிட்டு ஃபார்மேட் போட்டால், மறுபடி ஆக்டிவேட் செய்யும்போது தலைவலி இருக்காது. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். ‘ஃபார்மேட்ல போயிடுச்சு சார்’ என்பதை எந்த அதிகாரியும் பதிலாக ஏற்க மாட்டார்.

அடுத்து, ஃபான்ட். பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கோப்புகள், அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்பு பத்திரமாக இருக்கும், படிக்கத்தான் முடியாது. ஓசூர் ஜெராக்ஸ் கடைகளில் பத்திரிகை, விண்ணப்பம் என்று தமிழோடு கன்னடமும் அடிப்பார்கள். அங்கே கன்னட ‘நுடி’க்கும் இதே கவனம் வேண்டும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் தனியாக நகலெடுத்தால் போதும்.

பிறகு, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், அவுட்லுக் மெயில் கோப்பு, பிரின்டர் டிரைவர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர். கையெழுத்து டோக்கனுக்குள் பத்திரமாக இருக்கும். டிரைவர் இல்லாவிட்டால் கணினிக்கு அந்த டோக்கனை அடையாளம் தெரியாது.

புதிய விண்டோஸ் 11 மடிக்கணினிகளில் இன்னொன்று: வட்டு தானாகவே பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கலாம். மதர்போர்டு மாற்றினாலோ பயாஸில் கை வைத்தாலோ 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்கும். அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிப்பாகியிருக்கும். கணினியைத் திறப்பதற்கு முன்பே அதை ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வைத்துவிட வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால், எந்த சர்வீஸ் கடையாலும் உள்ளே இருப்பதை மீட்க முடியாது.

இத்தனையும் எடுத்து வைத்த பிறகு ஒரு வேலை பாக்கி. எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் செருகி, இரண்டு கோப்புகளையாவது திறந்து பார்க்க வேண்டும். டேலி என்றால் ஒரு பில்லைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப், பிரிக்காத பொங்கல் சீட்டு மாதிரி. உள்ளே பணம் இருக்கிறதா என்பது கடைசியில்தான் தெரியும்.

நாளும் பார்க்க வேண்டும். ராகு காலம் அல்ல; ரிட்டர்ன் காலம். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 11-ம் தேதி, 3பி 20-ம் தேதி. 10-ம் தேதி ராத்திரி ஃபார்மேட் போடுவது தேடிப் போய் வினையை வாங்குவது.

எல்லாவற்றையும் துடைப்பதற்கு முன் இரண்டு நடுவழிகளும் இருக்கின்றன. விண்டோஸ் 11-ன் செட்டிங்ஸில் ரிகவரி பகுதிக்குள் போனால், புதிய பதிப்புகளில் விண்டோஸ் அப்டேட் மூலம் ஓ.எஸ்.ஸை மட்டும் மறுபடி நிறுவும் வசதி இருக்கிறது. புரோகிராம்களும் கோப்புகளும் அப்படியே இருக்கும். ‘ரீசெட் திஸ் பிசி’ இன்னொரு வழி. சொந்தக் கோப்புகளை வைத்துக்கொள்ளச் சொல்லலாம். ஆனால் நிறுவிய புரோகிராம்கள் போய்விடும். இரண்டுக்கும் முன்னால் பேக்கப் கட்டாயம்.

ஆக, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பதற்குக் காலண்டரில் பதில் கிடையாது. காரணம் வந்தால் போடலாம். வராவிட்டால் பத்து வருடம் போடாமலும் இருக்கலாம். தேதி குறித்துச் செய்ய வேண்டியது பேக்கப் மட்டும்தான். பட்டறைக் கணக்குக்கு வாரம் ஒருமுறை, வீட்டு போட்டோக்களுக்கு மாதம் ஒருமுறை, மெஷின் கன்ட்ரோலுக்கு வருடம் ஒருமுறையும், அதில் ஏதாவது மாற்றும் ஒவ்வொரு முறையும். ஒரு நகல் பட்டறையில் இருந்தால் இன்னொன்று வீட்டில் இருக்கட்டும்.

நல்ல சர்வீஸ்காரர்களுக்கு இது தெரியும். அந்தப் பெண், ‘டெஸ்க்டாப்ல இருக்கறது மட்டும் போதும்’ என்றதும் அவர்கள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

“முதலாளிக்கு ஒரு போன் போடும்மா. டேலி எந்த டிரைவ்ல இருக்குன்னு கேட்டுட்டு அப்புறம் தொடறேன்.”

அந்தப் போன் இரண்டு நிமிடம்தான் ஆகும்.